நாற்பது தப்படி

அன்னூரில் என் சித்தப்பா கயிற்றுக்கட்டிலில் படுத்தபடியே செல்போனை அமுக்குவார். ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கிணற்று மோட்டார் ஓடும். அவர் எட்டாவது ஃபெயில், நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. இந்த ஒப்பீட்டைச் செய்தது நானல்ல, என் மனைவி.

கோயமுத்தூர் கணபதியில் எனக்குச் சின்ன லேத் பட்டறை, மாடியில் வீடு. 2 ஹெச்பி கம்ப்ரஸர் போடும் சத்தத்துக்குப் பயந்து அதைக் கொல்லைப்புற ஷெட்டில் தள்ளியிருக்கிறேன். போட நாற்பது தப்படி, நிறுத்த நாற்பது தப்படி. தினம் கொஞ்சம் நடங்க என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில்தான் இந்த நடையை ஒழிக்க ரிமோட் வாங்கினேன்.

கார் சாவி மாதிரி குட்டி ரிமோட், கூடவே ஒரு ரிலே போர்டு, 650 ரூபாய். ரிலே மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தது. மோட்டார் நேம்பிளேட்டிலும் கிட்டத்தட்ட அதுவே. ஜாடிக்கேத்த மூடி என்று நானே வயரிங் செய்தேன். மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது டிப்ளமோவில் படித்ததுதான். அந்தப் பேப்பரில் எனக்கு அரியர்.

மூன்று நாள் ராஜபோகம். நாலாம் நாள் சாயங்காலம் ரிலேயின் காண்டாக்ட் வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. அது எனக்கு எப்படித் தெரியும்? ஆஃப் அமுக்கினேன், நின்றது. டேங்க் 8 பார் ஏறி, பிரஷர் சுவிட்ச் தானாகக் கட் ஆன நேரமும் அதுவே. பெருமையை மட்டும் நான் எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

ஓஸ் கப்ளரில் ஒரு சின்ன லீக் உண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு வருஷமாகச் சொல்லிவரும் லீக். ராத்திரி டேங்க் 6 பாருக்கு இறங்கியபோதெல்லாம் கம்ப்ரஸர் கிளம்பியது. ஒன்றரைக்கு ஒரு தரம். ஒன்றே முக்காலுக்கு ஒரு தரம். படுக்கையிலிருந்தே ரிமோட்டை அமுக்கினேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அமுக்கினேன். பேட்டரியைக் கழற்றிப் பல்லால் கடித்தும் பார்த்தேன். கடைசியில் லுங்கியோடு ஓடிப்போய் மெயினை இறக்கினேன். மாடிப்படியையும் சேர்த்தால் அறுபத்திரண்டு தப்படி.

காலையில் எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தான். "ஏனுங்ணா, இது பல்பு போடறதுங்ணா." கான்டாக்டரும் ஓவர்லோடு ரிலேவும் மாட்டினான். இனி என் குட்டி ரிலே கான்டாக்டர் காயிலை மட்டும் இழுத்தால் போதும், பாரத்தைப் பெரியவர் பார்த்துக்கொள்வார். பில், ரிமோட்டின் விலையைப் போல் நாலு மடங்கு.

உற்சாகத்தில் ஓடிக்கொண்டிருந்ததை நடுவிலேயே ஆஃப் செய்து, திரும்ப ஆன் செய்தேன். 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், டிரிப். ரீசெட் பட்டன் ஷெட்டில்.

கம்ப்ரஸர் தானாக நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அது அன்லோடர் வால்வு. பம்புக்கும் டேங்குக்கும் நடுவே பைப்பில் மாட்டிய காற்றை வெளியே விடுகிறது. பிரஷர் சுவிட்ச் கட் ஆனால்தான் அது திறக்கும். நடுவில் கரண்டைப் பிடுங்கினால் புஸ் கிடையாது. அடுத்த தடவை மோட்டார் அடைபட்ட காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். இத்தனை வருஷமாக அந்த 'புஸ்'ஸை நான் லீக் என்றும், லீக்கை 'புஸ்' என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். பம்புசெட்டுக்கும் கம்ப்ரஸருக்கும் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு.

"அதுவா நின்னு, புஸ்ஸுனு விட்டதுக்கப்புறம் ஆஃப் அமுக்குங்ணா" என்றான் தம்பி. அதாவது, ஏற்கெனவே நின்றுவிட்ட மோட்டாரை நிறுத்த எனக்கு ஒரு ரிமோட். அந்தப் புஸ்ஸும் லேத் சத்தத்தில் பட்டறைக்குக் கேட்காது. பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும்.

போன வாரம் சித்தப்பா வந்திருந்தார். ஷெட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, ரிமோட்டு கம்ப்ரஸருக்குப் பக்கத்துல ஆணியில தொங்குது?"

"தொலைஞ்சு போயிரக் கூடாதுன்னுதானுங்க சித்தப்பா."