பத்து நாள் ஐரோப்பா

மாம்பழத்தின் பொருட்டு மயிலேறி உலகனைத்தையும் சுற்றிவந்தும், அம்மையப்பரை வலம் வந்த அண்ணனிடம் தோற்று, முருகப்பெருமான் கோபித்து வந்து நின்ற பழனி க்ஷேத்திரத்தின் அடிவாரத்திலே, பத்தே தினங்களில் ஐரோப்பாக் கண்டத்தை முற்றும் அறிந்து திரும்பிய நண்பரைத் தரிசிக்கும் பாக்கியம் கிட்டியது.

பாரிஸ் எவ்விதம் என்றேன். “இட்லி கிடைத்தது” என்றார். ரோமாபுரியில் சாம்பார் சற்று நீர்த்திருந்ததாம். ஸ்விட்சர்லாந்து, அவர் பஸ்ஸில் உறங்கிய வேளையில் கடந்து போயிற்று, படம் இருக்கிறது. காந்தியடிகளின் படச்சுருள்களைத் தேடி வருஷக்கணக்கில் தேசம் தேசமாக அலைந்து, 1940-இல் ஆவணப்படம் வெளியிட்ட ஏ. கே. செட்டியாருக்கு இந்தச் சூட்சுமம் தெரியவில்லை, பாவம்.

“அடுத்து ஆப்பிரிக்கா, ஏழு நாள்” என்றவரிடம், பழனி மலையின் 693 படிகளையும் ஏறி வருவோமா என்றேன். “அவ்வளவு நேரம் ஏது?” என்று வின்ச் வரிசையில் போய் நின்றுகொண்டார், கையிலிருந்த பஞ்சாமிர்த டப்பா ஆப்பிரிக்காவுக்காம்.