காற்றுக்கும் எச்சில் உண்டோ?

கேள்வி: ஊரார் மாஸ்க்கைக் கழற்றிப் பரணில் எறிந்து வருஷக்கணக்காகிவிட்டது. நீர் மட்டும் இன்னமும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிகிறீராமே? இது பயமா, பிடிவாதமா?
– ஒளிவுமறைவற்றவர், கும்பகோணம்

பதில்: பயம் பாதி, பிடிவாதம் கால், மிச்சமுள்ள கால் பங்கு, க்ஷவரம் செய்துகொள்ளாத முகவாயை மறைத்துக்கொள்ளும் சௌகரியம். 2023-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதி, உலக சுகாதார ஸ்தாபனத்தார், கொரோனாவுக்காக மூன்று வருஷத்துக்கும் மேலாக நடப்பில் இருந்த சர்வதேச அவசர நிலை முடிந்ததென்று அறிவித்தபோது, அதனால் நோயே ஒழிந்துவிட்டதாக அர்த்தமில்லை என்றும் கூடவே சொன்னார்கள். ஆனால் முதல் வாக்கியத்தைக் கேட்டதுமே சபையோர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டபடியால், இரண்டாவது வாக்கியத்தைக் காலி நாற்காலிகள்தாம் சிரத்தையாகக் கேட்டன. அவசரம் தீர்ந்தது என்கிற அந்த உத்தரவு மனிதர்களுக்கெல்லாம் சார்வாகிவிட்டது, வாஸ்தவம். கிருமியிடம் கையெழுத்து வாங்கினதாக எனக்குத் தகவல் இல்லை.

கேள்வி: தும்முகிறவரிடமிருந்து தள்ளி நிற்கிறோம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம். காற்றையும் கண்டு அஞ்ச வேண்டுமா?
– ஆசாரசீலர், ஸ்ரீரங்கம்

பதில்: ஆசாரம் அறிந்தவரிடமிருந்தே இந்தக் கேள்வி வந்தது என் பாக்கியம். சொம்பின் விளிம்பு உதட்டில் படாமல், தலையை அண்ணாந்து, ஒரு சொட்டும் சட்டையில் சிந்தாமல் தண்ணீர் குடிக்கும் வித்தையைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பே கற்றுக்கொடுத்துவிடுகிறவர்கள் நாம். ஒருவர் கடித்த முறுக்கை இன்னொருவர் தொடமாட்டோம். ஆயினும், நானூறு பேர் கதவடைத்து உட்கார்ந்திருக்கும் குளிரூட்டிய கல்யாண மண்டபத்தில், நானூறு நெஞ்சுக்குள்ளும் போய்த் திரும்பிய காற்றை, அது கண்ணுக்குப் புலப்படவில்லை என்கிற ஒரே காரணத்தினால், மலையிலிருந்து இறங்கி வந்த தென்றலாகப் பாவித்து நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்கிறோம்.

வில்லியம் வெல்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1934-லேயே இதை விளக்கியிருக்கிறார். வாயிலிருந்து புறப்படும் துளிகளில் பெரியவை சற்றுத் தூரத்தில் தரையில் விழுந்துவிடுகின்றன. மிகச் சிறியவையோ விழுவதற்குள் ஈரம் உலர்ந்து, பீடிப் புகையைப் போல அறை முழுதும் மிதக்கத் தொடங்கிவிடுகின்றன. பஸ்ஸின் பின் ஸீட்டில் ஒருவர் பீடி பற்ற வைத்தால் முன் ஸீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முறைக்கிறார் அல்லவா? மூச்சுக்கு அந்த வாசனை இல்லாததுதான் விபரீதம். 2020 மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஒரு பாடகர் குழு, இரண்டரை மணி நேரம் கூடியிருந்து பாடிப் பழகிற்று; வந்தவர் 61 பேர், நோயில் விழுந்தவர் 53 பேர், அவர்களில் இருவர் மாண்டார்கள். இது நடந்து மூன்று வாரம்கூட ஆகாத மார்ச் 28-ஆம் தேதியன்று, இந்நோய் காற்றில் பரவுவதன்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிற்று. காற்றின் வழியாகவும் பரவும் என்று அதன் ஏடு வெளிப்படையாகத் திருந்தியது 2021 டிசம்பரில்! ஸ்தாபனங்களுக்கு மூச்சு மெதுவாகத்தான் வரும் போலும்.

காற்றின் எச்சிலை அளக்கவும் வழி இருக்கிறது. வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய 420 பங்கு கரியமில வாயு உண்டு. நாம் விடும் மூச்சிலோ சுமார் 40,000 பங்கு. உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றை என் மருமகன் வாங்கிக் கொடுத்தான். சென்ற தை மாதத்தில் ஒரு ரிஸப்ஷனில் அதைத் தாம்பூலப் பைக்குள்ளிருந்து எடுத்து நைஸாகப் பார்த்தேன்: 2,400-க்கு மேல் காட்டிற்று. கணக்குப் போட்டுப் பாரும். அந்த மண்டபத்தில் இருபது மூச்சுக்கு ஒரு மூச்சு பிறத்தியார் மூச்சு. பாயசத்தில் இருபது கரண்டிக்கு ஒன்று யாரோ குடித்து மிஞ்சியது என்றால் சம்பந்தி வீட்டார் பந்தியிலிருந்து எழுந்திருக்க மாட்டார்களா?

அறைக்குள் இந்த வாயு 1,000 பங்கைத் தாண்டலாகாதென்று, 1858-லேயே முனிச் நகரத்துப் பேராசிரியர் பெட்டன்கோஃபர் வரம்பு கட்டினார். அதே மகானுபாவர் 1892-இல், காலராக் கிருமியால் மட்டும் காலரா வராது என்று நிரூபிப்பதற்காக அந்தக் கிருமிகளைக் குடித்துக் காட்டி, எப்படியோ பிழைத்தும்விட்டார். நாம் ஜன்னலைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: ஜன்னலைத் திறந்தால் கொசு வருகிறதே?
– தூக்கமிழந்தவர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: கொசு கண்ணுக்குத் தெரியும், வலைக்குக் கட்டுப்படும், வருவதற்கு முன் காதில் பாடி எச்சரித்துவிட்டு வரும். இவ்வளவு யோக்கியமான சத்ரு கிடைப்பது துர்லபம்.

கேள்வி: என் தகப்பனாருக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்து இரண்டு வருஷமாகிறது. அடுத்த மாதம் சித்தப்பா மகள் கல்யாணம். மாஸ்க் போட்டுக்கொண்டு வருவதென்றால் வராமலே இருக்கலாம் என்று சித்தி சொல்லியனுப்பியிருக்கிறார்கள். என்ன செய்ய?
– ஒரு மகள், திருநெல்வேலி

பதில்: அம்மா, இதற்கு வேடிக்கையாகப் பதில் எழுத மனம் வரவில்லை. மாற்றி வைத்த அவயவத்தை உடல் தள்ளிவிடாதிருக்க அவர் உட்கொள்ளும் மருந்துகள், உடலின் காவற்காரனையே அரைத்தூக்கத்தில் வைத்திருப்பவை. அதனால் தடுப்பூசியும் மற்றவர்களுக்குப் பலிப்பதுபோல அவருக்குப் பலிப்பதில்லை. நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் காற்றுதான் அவருக்கு வரும் காற்று. ஆகையால் கல்யாணத்துக்குப் போங்கள்; ஆனால் உங்கள் சௌகரியப்படி போங்கள். கூட்டம் சேரும் ரிஸப்ஷனை விட்டுவிட்டு முகூர்த்தத்துக்கு வாசற்பக்கம் ஓர் இடம் பார்த்து உட்காருங்கள். தாலி கட்டியதும் அட்சதை போட்டு, மொய் எழுதி, பந்தியில் உட்காராமல், சாப்பாட்டைத் தூக்குவாளியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமையற்காரர்கள் இதற்கு ஒருநாளும் முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிப்பது உறவினரின் இலாகா. சித்தியிடம் வாதம் வேண்டாம். "அப்பாவுக்கு ஒத்துக்கிடாது சித்தி, அதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் போதும்.

மணமேடையில் படம் எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு க்ஷணம் மாஸ்க்கைக் கழற்றலாமே என்று தோன்றும். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். படம் பிடிப்பவர் நிதானமாக விளக்கைத் திருப்பி, "சார், இன்னொரு தடவை" என்றார். மணமகனை விட என் முகம் அதிகமாகச் சிவந்திருக்கிறது அந்தப் படத்தில்.

கேள்வி: துணி மாஸ்க் போதாதா? அந்த என்95-ஐத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்ளலாமா?
– சிக்கனக்காரர், மதுரை

பதில்: 95 என்பது, பிடிபடுவதற்கு மிகவும் கடினமான, சுமார் 0.3 மைக்ரான் பருமனுள்ள துகள்களிலேயே நூற்றுக்குக் குறைந்தது 95-ஐத் தடுக்கும் என்பதற்கான அடையாளம். அது வெறும் சல்லடையாக இருந்து இதைச் சாதிப்பதில்லை. அதன் இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னேற்றம், பலூனைத் தலைமயிரில் தேய்த்தால் காகிதத் துணுக்குகளை இழுக்குமே, அதுபோலத் துகள்களை இழுத்து வைத்துக்கொள்கிறது. சோப்புப் பட்டால் அந்த ஏற்றம் குன்றிப்போகும். என் இல்லாளுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாத காலத்தில், என் ஆறு கவசங்களையும் கொதிநீரில் ஊறப்போட்டு, சோப்புத் தேய்த்து, சொட்டுநீலமும் காட்டி, கொடியில் வரிசையாக உலர்த்திவிட்டாள். பார்வைக்குப் பால்போல இருந்தன. அதற்குப் பிறகு வடை எண்ணெய் வடிகட்டத்தான் அவை உதவும் என்றேன். அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை.

கேள்வி: பரிகாசம் செய்கிறார்களே, எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்?
– தொட்டாற்சுருங்கி, சேலம்

பதில்: 1910-ஆம் வருஷக் கடைசியில், மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த வூ லியென் தே என்கிற 31 வயது வைத்தியர் ஹார்பின் நகரத்துக்கு அனுப்பப்பட்டார். இது மூச்சுக் காற்றில் பரவுவது என்று கண்டு, சல்லாத் துணியும் பஞ்சும் சேர்த்துக் கவசம் தைத்து, எல்லாரும் அணிய வேண்டுமென்றார். வயதிலும் அனுபவத்திலும் மூத்த மெனி என்னும் பிரெஞ்சு வைத்தியர், இந்தப் பொடியனா எனக்குச் சொல்வது என்று சினந்து, கவசமின்றியே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில தினங்களில், 1911 ஜனவரியில், அந்த பிளேக்கினாலேயே மாண்டார். பிறகு ஹார்பினில் கவசம் அணியச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. என்னைப் பரிகாசம் செய்கிறவர்களுக்கு அப்படியொன்றும் நேர வேண்டாம். நூறு வயது நன்றாக இருந்து, தினந்தோறும் என்னைப் பரிகசிக்கட்டும்.

கேள்வி: முகத்தை மூடிக்கொண்டிருப்பதால் கடன்காரர்கள் உம்மை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள் அல்லவா? உண்மையைச் சொல்லும்!
– அனுபவஸ்தர், புதுக்கோட்டை

பதில்: 2020-இல் அப்படி ஒரு பொற்காலம் இருந்தது. இப்போதோ, தெருவில் மூக்கை மூடியவன் நான் ஒருவனே ஆனபடியால், ஒரு பர்லாங்கு தூரத்தில் வரும்போதே கைதட்டி நிறுத்துகிறார்கள்.