கறுந்திரை இயல்: ஒரு திருவாமாத்தூர் ஆய்வு

லினக்ஸ் பின்லாந்தில் பிறந்தது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் எழுதியது கெர்னல் மட்டும்தான். அதைச் சுற்றி நிற்கும் கருவிகளில் பல, 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தைச் சேர்ந்தவை. குனு என்பது ஆப்பிரிக்காவில் மேயும் ஒரு கொம்புள்ள விலங்கு. திட்டத்தின் சின்னத்திலும் கொம்பு உண்டு. இனி விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூருக்கு வருவோம். கொம்பில்லாத ஆனினம் இங்கே வழிபட்டு அபிராமேசுவரரிடம் கொம்பு வாங்கிக்கொண்டது என்பது தலபுராணம். கொம்பு இங்கிருந்து எங்கே போயிற்று என்பதை இனி நான் விளக்க வேண்டியதில்லை. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குவதைத் தற்செயல் என்பவர்களோடு வாதாட எனக்கு நேரமும் இல்லை. என் மடிக்கணினி திறக்க மாட்டேன் என்கிறது.

கிராபிக்ஸ் டிரைவரை நிறுவி மறுதொடக்கம் செய்தபின் சூழும் இருளே கறுந்திரை. மேல் மூலையில் சிறுகோடு ஒன்று கண் சிமிட்டினால் அது சிமிட்டுக் கறுந்திரை. அதுவும் இல்லையேல் முழுக் கறுந்திரை. எனக்கு வாய்த்தது முதல் வகை. "செத்துப்போச்சு மாமா" என்றான் அக்கா மகன். இந்தத் துறையில் எல்லோரும் செய்யும் பிழை இது. கேப்ஸ் லாக்கைத் தட்டினேன். விளக்கு எரிந்தது, மறுபடி தட்டினால் அணைந்தது. நாடி ஓடுகிறது, பார்வைதான் போயிருக்கிறது.

இவ்விடத்தில் இரட்டைப் புலவர்களைச் சான்றாகக் கொள்க. ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் வராது. கண் தெரியாதவர் தோளில் கால் வராதவர் ஏறிக்கொண்டு வழி சொல்ல, ஊர் ஊராகப் போனார்கள். கெர்னலும் டிரைவரும் குடித்தனம் நடத்துவது இப்படித்தான். இவர்கள் பாடிய திருவாமாத்தூர்க் கலம்பகம் அரங்கேறியபோது, கோயில் பம்பையாற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதைப் புலவர்கள் மாற்றிப் பாடிவிட்டார்கள். அன்றிரவே வெள்ளம் வந்து, பாட்டுக்கு ஏற்றபடி ஆறு தடம் மாறிக்கொண்டது என்பது வழிவழிக் கதை. கணினியில் இந்தச் சலுகை கிடையாது. கெர்னல் என்கிற ஆறு, புதுப்பிப்பு வந்தால் தன் இஷ்டத்துக்குத் தடம் மாறும். பாட்டைத்தான் திருத்த வேண்டும். ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிரைவரைத் திரும்பக் கட்டிக்கொடுக்க டிகேஎம்எஸ் என்றொரு கருவி இருக்கிறது. அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லையென்றால் அதுவும் கைவிரித்துவிடும்.

சிகிச்சை எளியது. கணினி தொடங்குகையில் கிரப் பட்டியல் வரும்போது 'ஈ' விசையைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கோடியில் 'நோமோட்செட்' என்று சேர்த்து எஃப்10 அழுத்த வேண்டும். ஆங்கிலத்தில் அது ஒன்பதெழுத்து. தமிழில் எண்ணிப் பாருங்கள்: நோ, மோ, ட், செ, ட். ஐந்தெழுத்து! இதற்குமேல் என்ன கல்வெட்டு வேண்டும்?

கலங்கலாக ஒரு திரை வந்தது. ஆனால் நோயின் மூலம் வேறிடத்தில் இருந்தது. திருவாமாத்தூர் முத்தாம்பிகை கோயிலின் வட்டப்பாறை முன் பொய்ச் சத்தியம் செய்தவரை அது சும்மா விடாது என்பது சுற்றுவட்டார நம்பிக்கை. கணினிக்குள் இருக்கும் வட்டப்பாறைக்குச் செக்யூர் பூட் என்று பெயர். ஏற்கப்பட்ட சாவியால் கையொப்பமிடாத டிரைவரைக் கெர்னல் வாசலிலேயே நிறுத்திவிடும். ஆகவே நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்பார்கள். அடுத்த தொடக்கத்தில் நீலத்திரை ஒன்று பத்து விநாடி காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுத்துச் சாவியைப் பதிய வேண்டும். தவறினால் புது டிரைவர் உள்ளே வராது. பழைய டிரைவரான நூவோவையோ ஏற்கெனவே தடைப்பட்டியலில் போட்டாயிற்று. (நூவோ என்றால் பிரெஞ்சில் 'புதியது'. சந்தேகமிருந்தால் பக்கத்துப் புதுச்சேரியில் கேட்டுக்கொள்க.)

"அந்த நீலத்திரை வந்தப்ப நீ எங்கடா போனே?"

"நான் இங்கதான் மாமா இருந்தேன். என்னமோ நீலமா வருதுன்னு கத்தினேன். நீங்கதான் காபியை ஆத்திக்கிட்டே, அதெல்லாம் தானா போயிடும்னீங்க."

அப்படி நான் சொன்னதாக எந்த ஏட்டிலும் பதிவில்லை என்றேன். "வட்டப்பாறைல வந்து சொல்றீங்களா?" என்றான்.

மோக்யூட்டில் கட்டளையால் சாவியை மறுபடி பதியக் கொடுத்தேன். நீலத்திரை வந்து போகும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. கணினி இப்போது நன்றாகத் திறக்கிறது. திருவாமாத்தூருக்கு நான் இன்னும் போகவில்லை.