கொம்பைப் பார்க்காதே, பல்லைப் பார்

ஏம்ப்பா பேராண்டி, உனக்குத்தான் வேளச்சேரியில நல்லதோ பொல்லாததோ ஒரு ரூம் இருக்கே. பின்னே ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைக்குள்ள போனை வச்சுக்கிட்டு எவன் வீட்டு வாடகை விளம்பரத்தைப் படிச்சுச் சிரிக்கிற? கேட்டா "சும்மா தாத்தா, டைம்பாஸ்"ங்கிற. தப்பில்ல. உன் வயசுல நான் டூரிங் டாக்கீஸ் போனேன். அங்க டிக்கெட்டு உண்டு, இங்க ஓசி.

நீ வாசிச்சுக் காட்டிக் காட்டி எனக்கும் ருசி தட்டிப்போச்சு. "அசைவம் சமைக்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, விருந்தாளி வரக் கூடாது, ஒன்பது மணிக்கு மேல் கேட் திறக்கப்படாது. நல்ல குடும்பச் சூழல்." இதெல்லாம் இல்லாம அது என்னப்பா குடும்பம்? இன்னொருத்தன் மொட்டை மாடியில தகரத்தைப் போட்டுட்டு "பென்ட்ஹவுஸ்"ங்கிறான். அடுத்தவன் "மெட்ரோவுக்கு ஐந்தே நிமிடம்"னு போட்டிருக்கான். நடந்தா, பைக்கிலயா, இல்ல அந்த ரயில்லயே போனாலான்னு சொல்லல. படத்தைப் பாரு. டீப்பாய் மேல இருக்கிற பிளாஸ்டிக் ரோஜாவை நாலு கோணத்துல எடுத்திருக்காங்க. பாத்ரூமுக்கு மட்டும் வெக்கம் போல, படத்துக்கு வரல. சந்தையில மாட்டுக்குக் கொம்புல வர்ணம் அடிச்சு ஓட்டியாந்தா, நாங்க வாயைத் தொறந்து பல்லைத்தான் பாப்போம்.

அமெரிக்காக்காரன் இந்த விஷயத்துல யோக்கியன். ஐடஹோன்னு ஒரு மாநிலம், உருளைக்கிழங்குக்குப் பேர் போனது. 2012ல இரும்பு, காரை, காங்கிரீட்டுல 6 டன் எடைக்கு ஒரு கிழங்கு செஞ்சு, விளம்பரத்துக்காக லாரியில ஏத்தி ஊர் ஊராச் சுத்துனாங்க. 2019ல அதுக்குள்ளயே கட்டிலைப் போட்டு ஏர்பிஎன்பியில வாடகைக்கு விட்டாச்சு. அந்த ஏர்பிஎன்பி பொறந்த கதையே கூத்துதான். 2007ல சான் பிரான்சிஸ்கோவுல ரெண்டு பசங்க வாடகை கட்ட வழியில்லாம, காத்தடிச்ச மெத்தை மூணைக் கூடத்துல விரிச்சு, மாநாட்டுக்கு வந்தவங்களுக்கு ராத்திரிக்கு 80 டாலர்னு விட்டானுக. வாடகை குடுக்க முடியாதவன் வீட்டுக்காரனாயிட்டான்! உனக்கு அந்தப் புத்தி வராது. வந்தாலும் உன் ஓனர்தான் விருந்தாளி வரக் கூடாதுன்னுட்டாரே.

என்னைக் கேட்டா, கிறுக்கு விளம்பரத்துலதான் பொய் கம்மி. கிழங்குன்னு சொன்னான், போனா கிழங்குதான் இருக்கும். "விசாலமான, காற்றோட்டமான இரண்டு படுக்கையறை"ன்னு மரியாதையா எழுதுறான் பாரு, அவன்கிட்டதான் வேட்டியை இறுக்கிப் புடிச்சுக்கணும்.

அட்வான்ஸ் பத்து மாசம்பான். 2019 பிப்ரவரியில நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுங்குது, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டாலொழிய. அந்த "ஒழிய"வுக்குள்ளதான் மெட்ராஸ் பாதி குடியிருக்கு. கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாயும்பான். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட் கவர்மெண்டு இனாமாக் குடுக்குறது உனக்குத் தெரியாதுன்னு அவனுக்கு ஒரு நம்பிக்கை. நீயும் ஒண்ணும் தெரியாத புள்ளையாட்டம் "ஈபி மீட்டர் எங்கண்ணே?"ன்னு கேளு. அப்ப அந்த மூஞ்சி போற போக்கு இருக்கே, உன் போன்ல வர்ற எதையும் விட வேடிக்கை.

ரொம்ப மலிவா, ரொம்ப லட்சணமா ஒண்ணும் வரும். ஓனர் ராணுவத்துல இருப்பாராம், காஷ்மீருக்கு மாத்தலாம், சாவி கூரியர்ல வருமாம், டோக்கன் மட்டும் இப்பவே போடணுமாம். சிரிச்சுட்டுத் திரும்பிப் படு. "உனக்குப் பணம் அனுப்புறேன், யூபிஐ பின்னைப் போடு"ன்னு எவனாவது சொன்னா, பணம் வாங்குறதுக்குப் பின் எதுக்குடான்னு கேளு. பின்னைப் போட்டா உன் காசுதான் போகும்.

நெசமாவே ஒரு வீடு மனசுக்குப் புடிச்சா, வெயில் நாள்ல போய்ப் பாக்காத. 2015 டிசம்பர்ல உங்க வேளச்சேரி தண்ணியில நின்னதை டிவியில பாத்தவன் சொல்றேன். ஐப்பசி கார்த்திகையில, மழை ஊத்துறப்ப, போன் பண்ணாமப் போய் வாசல்ல நில்லு. "மழை விடட்டும் தம்பி, ஞாயித்துக்கிழமை வாங்க"ன்னு ஓனர் இழுத்தார்னா, குடையை விரிச்சுக்கிட்டு வந்த வழியே திரும்பிரு.