வருகையும் வாராமையும்: பிரபு வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் முறை

இங்கிலாந்தில் பிரபு வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் பொறுப்பு கிரகங்களுக்கு இல்லை. அதை அரச குடும்பத்தின் நாட்குறிப்பு பார்த்துக்கொள்கிறது. அரண்மனைவாசிகள் எங்கே போனார்கள், யாரைப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லும் ‘கோர்ட் சர்க்குலர்’ என்ற அன்றாடக் குறிப்பை மூன்றாம் ஜார்ஜ் 1803-இல் தொடங்கிவைத்தார். தம் நடமாட்டத்தைப் பத்திரிகைகள் தப்பும் தவறுமாக எழுதுகின்றன என்பது மன்னரின் மனக்குறை. ஆனால் அந்தக் குறிப்பு முடிந்துபோனதைத்தான் சொல்லும். வரப்போவதைப் பெண்ணைப் பெற்றவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊகிப்பது அப்படியொன்றும் கடினமில்லை. கிறிஸ்துமஸுக்கு சாண்ட்ரிங்ஹாம். பிறகு தவக்காலம்; அப்போது மணம் முடிப்பதை ஆங்கிலத் திருச்சபை அவ்வளவாக விரும்புவதில்லை. ஈஸ்டருக்கு வின்ட்சர். மே மாதத்தில் செல்சி மலர்க் கண்காட்சி. போதாததற்கு, மே மாதக் கல்யாணம் ஆகாது என்ற பழைய நம்பிக்கை ஆங்கிலேயரிடமும் உண்டு. ஜூன் வந்தால் எப்சம் டெர்பி, ட்ரூப்பிங் தி கலர் அணிவகுப்பு, வின்ட்சரில் கார்ட்டர் ஊர்வலம், அடுத்து ஐந்து நாள் ஆஸ்காட் குதிரைப் பந்தயம். பின்னாலேயே ஸ்காட்லாந்தில் ஹோலிரூட் வாரம், விம்பிள்டன். ஆகஸ்ட் 12-இல் க்ரௌஸ் பறவை வேட்டை தொடங்கிவிடும். அன்று விருந்தினர் கையில் பரிசுப்பொருள் இராது, துப்பாக்கிதான் இருக்கும். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமார் விளையாட்டு விழா.

அஃதேல் ஆண்டில் நாளே இல்லையோ எனின், உண்டு. 2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை அத்தகைய நாள். டெர்பி 1-ஆம் தேதியே முடிந்துவிட்டது. 6-ஆம் தேதி நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் கரையிறங்கியதன் 80-ஆம் ஆண்டு நினைவு. 15-இல் அணிவகுப்பு. நடுவில் கிடந்த இந்த இடுக்கில்தான் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் ஹியூ குரோவ்னரின் கல்யாணம் செஸ்டர் பேராலயத்தில் நடந்தது. முதல் நாள் நார்மண்டிக் கடற்கரையில் நாட்டின் சார்பில் நின்ற இளவரசர் வில்லியம், மறுநாள் செஸ்டரில் வந்தவர்களை அழைத்துப் போய் உட்காரவைக்கும் வேலையில் இருந்தார். ஊர் மக்களுக்கு இலவச ஐஸ்கிரீம்.

அரச வருகை மூவகைப்படும்: வந்து சிறப்பித்தல், வராமல் சிறப்பித்தல், வருவாரா மாட்டாரா என்று பேசவைத்துச் சிறப்பித்தல். செஸ்டரில் மூன்றும் ஒருங்கே அமைந்தன. வில்லியம் வந்தார். மணமகனின் ஞானத்தந்தையான அரசர் சார்லஸ் வரவில்லை. இளவரசர் ஹாரியும் வரவில்லை. ஆனால் நாளிதழ்களில் அவருக்குக் கிடைத்த இடம், வந்திருந்த பலருக்குக் கிடைக்கவில்லை.

இவற்றுள் இரண்டாவதே நுட்பமானது. அரச நாட்காட்டி போகவேண்டிய இடத்துக்குப் போவதற்காக ஏற்பட்டது என்பர் மேலோட்டமாகக் கற்றோர். போகாமல் இருக்கவேண்டிய இடத்துக்கு மரியாதையாகப் போகாமல் இருப்பதற்கும் அதுவே துணை என்பது நம் கருத்து. உதாரணம் தேடி வேறு கோயிலுக்குப் போகவேண்டியதில்லை. 2004 நவம்பர் 6-ஆம் தேதி, அதே செஸ்டர் பேராலயம், அதே குரோவ்னர் வீடு. இந்தக் கோமகனின் அக்கா டமாராவுக்கும் எட்வர்ட் வான் கட்செமுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை அன்றைய இளவரசர் சார்லஸின் ஞானமகன். அன்றைய அரசியார் வந்தார். வில்லியமும் ஹாரியும் விருந்தினரை உட்காரவைத்தார்கள். உட்காரவைப்பதில்தான் வந்தது வினை. அப்போது சார்லஸின் துணையாக இருந்த கமிலாவுக்கு அவர் பக்கத்தில் இடமில்லை, சில வரிசை தள்ளித்தான் என்று செய்தி கசிந்தது. கமிலா போகவில்லை. சார்லஸும் போகவில்லை, ஈராக்கில் இருந்த பிளாக் வாட்ச் படைப்பிரிவினரின் குடும்பங்களைச் சந்திக்க வார்மின்ஸ்டர் போய்விட்டார். கடமை உண்மையான கடமை. அதில் யாரும் குறை காண முடியாது. ஞானமகனின் கல்யாண நாளில் அது வந்து வாய்த்ததை மட்டும் பத்திரிகைகள் கவனித்தன.

தடை: இப்படி நாட்காட்டியை ஆளத் தெரிந்தவருக்குத் தம் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது எளிதாக இருந்திருக்குமே? விடை: இல்லை. கமிலாவைக் கைப்பிடிக்க 2005 ஏப்ரல் 8 என்று குறித்தார். இடம் வின்ட்சர் கோட்டை. கோட்டையில் பதிவுத் திருமணம் நடத்த உரிமம் வாங்கினால், மூன்றாண்டுக்கு ஊரார் யார் வேண்டுமானாலும் அங்கே கல்யாணம் செய்துகொள்ள விண்ணப்பிக்கலாம் என்று பிறகு தெரியவந்தது. உடனே இடம் நகர மன்றத்துக்கு மாறியது. அடுத்து, போப் இரண்டாம் ஜான் பால் காலமாகி, அடக்கம் அதே 8-ஆம் தேதி என்று அறிவிப்பு வந்தது. சார்லஸ் ரோம் போகவேண்டியதாயிற்று. கல்யாணம் 9-க்குத் தள்ளிப்போனது. அரசியார் நகர மன்றத்துப் பதிவுக்கு வரவில்லை, பின்னர் தேவாலயத்தில் நடந்த ஆசி வழிபாட்டுக்கு வந்தார். ஆகவே நான்காவதாகப் பாதி வந்து சிறப்பித்தல் என்றொரு வகையையும் சேர்த்துக்கொள்க.

9-ஆம் தேதியோ, கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் நடக்கும் நாள். இரண்டையும் மக்கள் தொலைக்காட்சியில் பார்க்கவேண்டுமே என்று பந்தயத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். குதிரைகளைக் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை.