நீச்சலுக்கு ஒரு நட்சத்திர அப்பா

2021 ஜூனில் ரோம் நகரில் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடிகளில் முடித்தார். ஒலிம்பிக்கின் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர், நெய்வேலியில் வளர்ந்தவர். தகுதி வரம்பை அவர் முந்தியது 0.1 விநாடியில். நம் நினைவில் அவர் தங்கியதும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

அடுத்த ஏப்ரலில் கோபன்ஹேகனில் டேனிஷ் ஓபன். சஜன் அதே பிரிவில் தங்கம் வென்றார். வேதாந்துக்கு 1500 மீட்டரில் வெள்ளி, 800 மீட்டரில் தங்கம். இம்முறை நீச்சல், சினிமாப் பக்கம் வரை பாய்ந்தது. வேதாந்தின் அப்பா நடிகர் மாதவன்!

பையன் உழைத்துத்தான் நீந்தினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சஜனின் அம்மாவும் லேசுப்பட்டவரல்ல, தடகள வீராங்கனை. என்ன, ஒரு படத்தில்கூட நடிக்காமல் விட்டுவிட்டார்.