நகராத சைக்கிள்

கே: சாலையில் 2 மணி நேரம் அலுக்காமல் மிதிக்கிறேன். வீட்டில் சைக்கிளை ட்ரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) மாட்டினால் 20 நிமிடத்திலேயே துவண்டுவிடுகிறேனே, ஏன்?
– ஒரு வாசகர், கோவை

ப: சாலையில் காற்றும் உங்களோடு கூடவே வந்தது, வீட்டுக்குள் வரவில்லை! வியர்வை உலராததால் உடல் சூடேறி, இதயம் வேகமாகத் துடிக்கிறது. பெரிய மின்விசிறியை நேரெதிரே வையுங்கள். சாலையில் இறக்கம் வந்தால் காலுக்கு ஓய்வு. இங்கே இறக்கமே கிடையாது. குண்டுகுழி நம்மை அடிக்கடி சீட்டிலிருந்து எழுப்பிவிடும், ட்ரெய்னர் எழுப்பாது. நீங்களாகவே அவ்வப்போது எழுந்து நின்று மிதியுங்கள். முதல் வாரம் அந்த 20 நிமிடமே போதும். ட்ரெய்னரைக் குறைத்து எண்ண வேண்டாம்: 2016-இல் கை எலும்பு முறிந்த ஆஸ்திரேலிய சைக்கிள் வீரர் மாத்யூ ஹேமன், வாரக்கணக்கில் வீட்டு ட்ரெய்னரில் மிதித்துத்தான் அதே ஆண்டு பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்துக்குத் தயாரானார். வென்றும் காட்டினார்!